பெயரோடு வாசிக்கவும்

வானொலியில் இப்போதெல்லாம் டெலிபோனில் கூப்பிட்டே கேள்வி கேட்கிறார்கள். தோல் வியாதிக்கு ஒரு நாள், மாமியார் சண்டைக்கு ஒரு நாள். கூப்பிடுகிற பெண், "பேரு வேண்டாம் சார்" என்றுதான் ஆரம்பிக்கிறாள். நடத்துகிறவரும் அதை ஒரு நல்ல குணம்போல மெச்சி, "சரிம்மா, தோழின்னே வச்சுக்குவோம்" என்கிறார். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. கோபப்பட எனக்கு உரிமை இருக்கிறது. நான் பெயரைச் சொல்லிக் கேட்டவள்; அதுவும் 1946இல், தூத்துக்குடியில்.

மற்றவர்கள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர்களுடைய பிள்ளைகளும் பேரன்களும் அதே தெருக்களில் கடை வைத்திருக்கிறார்கள். பெயரை வாசிக்கச் சொல்லி அவர்கள் யாரும் என்னிடம் எழுதித் தரவில்லை. என் பெயர் புத்தகத்தின் அட்டையில் இருக்கிறது, அது போதும்.

வருஷத்தில் சந்தேகமே இல்லை. யுத்தம் முடிந்துவிட்டது, அரிசிக்கு மட்டும் இன்னும் ரேஷன் கடையில் நின்றுகொண்டிருந்தோம். சுதந்திரம் வரும் என்று எல்லாரும் சொன்னார்கள், எப்போது என்று ஒருவருக்கும் தெரியாது. பஞ்சாங்கத்தில் விய வருஷம். ஆனியில் பள்ளிக்கூடம் திறந்தது, ஆடியில் பேச்சு கிளம்பியது, ஆவணி கடைசி ஞாயிற்றுக்கிழமை சபை கூடியது. சிலர் இதை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது தப்பு.

எங்கள் ஆட்களின் கடைகளில் மகமை என்று ஒரு வழக்கம் உண்டு. மூட்டைக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு கடைக்காரரும் பொதுவுக்கு எடுத்துவைப்பார். அந்தப் பொதுவில் கோவில் நடக்கும். பெண்பிள்ளைகளின் ஆரம்பப் பள்ளிக்கூடமும் நடந்தது. ஆகவே பள்ளிக்கூடத்துக்கு முதலாளி என்று தனியாக ஒருவர் கிடையாது. பருப்பு விற்கிறவர், கருப்பட்டி விற்கிறவர், கயிறு விற்கிறவர் எல்லாருமே முதலாளிகள். எல்லாருக்கும் சேர்த்து ஒரு மானேஜர். கடைத்தெருவில் பலசரக்கு மொத்தக்கடை வைத்திருந்தார். ஊர் முழுக்க அவரை மானேஜர் அண்ணாச்சி என்றது. நான் அங்கே மூன்றாம் வகுப்பு டீச்சர். வயது இருபத்திரண்டு. அப்பா இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. வீட்டில் அம்மாவும் நானும்தான்.

தோலில் அந்த வெள்ளை முதலில் வந்தது என் வலது கை நடுவிரல் நுனியில். சாக்பீஸ் தூள் என்று நினைத்துக் கழுவினேன். மறுநாளும் கழுவினேன். பிறகு கழுவுவதை விட்டுவிட்டேன். கோடை விடுமுறைக்குள் அது விரல்களைத் தாண்டிப் புறங்கையில் இறங்கி, மணிக்கட்டைச் சுற்றி வளையல்போலப் படிந்துவிட்டது. வலி இல்லை, அரிப்பு இல்லை. ஊரில் அதற்கு வைத்திருந்த பெயர் வெண்குஷ்டம்; பெயரிலேயே குஷ்டம் இருந்தது.

அம்மா நாட்டு மருந்துக் கடையில் கார்போக அரிசி வாங்கிவந்து எண்ணெய் காய்ச்சினாள். தடவிக்கொண்டு மொட்டைமாடி வெயிலில் உட்கார வேண்டும். உட்கார்ந்தேன். வெள்ளை போகவில்லை, கொப்புளம் வந்தது. மீன் கூடாது, தயிர் கூடாது, உப்பைக் குறை என்றார் நாட்டு வைத்தியர். காற்றிலேயே உப்பு வருகிற ஊரில் எதைக் குறைப்பது என்று கேட்டேன்.

"ஏளா, கையை முந்தானைக்குள்ள வையி" என்பாள் அம்மா. "யாரும் கேட்டா சுண்ணாம்பு பட்டுட்டுன்னு சொல்லு."

"எத்தன நாளைக்கும்மா சுண்ணாம்பு படும்?"

"கலியாணம் ஆவுத மட்டும்."

மணிக்கட்டு வரை நீளும் கை வைத்து இரண்டு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தாள். தூத்துக்குடி ஆனி மாதத்தில் முழுக்கை ஜாக்கெட் போட்டுக்கொண்டு கரும்பலகையில் எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். கை எவ்வளவு நீண்டாலும் விரல்கள் வெளியேதான் இருந்தன.

விரல்களைப் பிள்ளைகள் எப்போது கவனித்தார்கள் என்றால் தண்ணீர் வேளையில். எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் கரிக்கும். ஆற்றுத் தண்ணீர் குழாயில் காலையில் கொஞ்ச நேரம் வரும்; ஆயா அதைப் பிடித்து ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பானை வைப்பாள். பிள்ளைகள் தாங்களே மொண்டு குடித்தால் பாதி தரையில் போகும் என்று, இடைவேளையில் டீச்சர்தான் ஊற்றவேண்டும் என்பது மகமைக்காரர்கள் வைத்த விதி. பிள்ளைகள் வரிசையாக வந்து இரண்டு கையையும் குவித்து வாயோடு சேர்த்துப் பிடிப்பார்கள், நான் செம்பால் ஊற்றுவேன். அந்த ஆடியில் ஒரு நாள் வரிசையில் நின்ற ஒரு பிள்ளை கையைக் குவிக்காமல், "எனக்குத் தாகமில்ல டீச்சர்" என்றது. மறுநாள் ஐந்தாறு பிள்ளைகளுக்குத் தாகமில்லை. தூத்துக்குடிக் காற்று அடித்துக்கொண்டிருந்தது, உதடுகள் வெடித்திருந்தன, ஒருவருக்கும் தாகமில்லை.

மானேஜர் அண்ணாச்சி கடைக்குக் கூப்பிட்டனுப்பினார்.

"ஒக்காருங்க டீச்சர். ஒண்ணுமில்ல, கொஞ்ச நாளைக்கு வீட்ல இருந்து ஒடம்பப் பாத்துக்கிடுங்க."

"எனக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே அண்ணாச்சி."

"உங்களுக்கு இல்ல. பிள்ளையளுக்கு வந்துறக் கூடாதுல்லா."

"வரும்னு யாரு சொன்னா?"

"யாரு சொன்னா என்ன? பேச்சு வந்துட்டு."

பேச்சு என்பது எங்கள் ஊரில் கடற்காற்று மாதிரி. யார் வீட்டில் கிளம்பியது என்று கேட்கக்கூடாது, கதவைச் சாத்திக்கொள்ள மட்டும் வேண்டும். அண்ணாச்சி கெட்ட மனிதர் இல்லை. ஆவணி கடைசியில் மகமைக்காரர்களின் சபை கூடும்போது முடிவு செய்யலாம், அதுவரை வகுப்புக்கு வரலாம், தண்ணீர் மட்டும் ஆயா ஊற்றட்டும் என்றார். சபை எப்படி முடிவு செய்யும் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

எனக்கு எது போய்விடும் என்று நான் நன்றாக அறிந்திருந்தேன். ஆத்தூரில் என் பெரியம்மா மகள் ஒருத்தி இருந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அவளுக்கு முகத்தில் வந்தது. அதற்குப் பிறகு அவளை நான் எந்தக் கலியாண வீட்டிலும் பார்த்ததில்லை. வீட்டின் பின்கட்டில் உட்கார்ந்து வெற்றிலையைத் தரம் பார்த்து அடுக்கிக்கொண்டிருப்பாள். வாசலில் ஆள் சத்தம் கேட்டால் உள்அறைக்குள் போய்விடுவாள். ஒருவரும் அவளைப் போகச் சொல்லவில்லை. அவளே போய்விடுவாள். அதுதான் எனக்குப் பயம். பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு தடவை வீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டால், ஆள் சத்தம் கேட்டதும் உள்ளே போக நானும் பழகிவிடுவேன்.

முதலில் ஊரில் இருந்த ஒரு இங்கிலீஷ் வைத்தியரிடம் போனேன். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொடவும் செய்தார். "இது ஒட்டாதும்மா" என்றார். அதை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்கள் என்றேன். சிரித்தார். "எழுதிக் குடுத்தேன்னு வையி, இதே நாற்காலியில நாளைக்கு எவன் வந்து ஒக்காருவான்?" என்றார்.

அப்போதுதான் ரேடியோ ஞாபகம் வந்தது.

மானேஜர் அண்ணாச்சி யுத்தச் செய்தி கேட்பதற்காக ஒரு ரேடியோ வாங்கியிருந்தார். யுத்தம் முடிந்த பிறகு அது கடைக்கு ஆள் சேர்க்க உதவியது. கல்லாவுக்கு மேலே, விபூதி பூசிய படங்களுக்கு நடுவே, பூப்போட்ட துணியால் மூடியிருக்கும். புதன்கிழமை மத்தியானம் பெண்களுக்கான நிகழ்ச்சி வரும். நேயர்கள் தபாலில் அனுப்பும் கேள்விகளுக்கு இரண்டு பேர் பதில் சொல்வார்கள். உடம்பைப் பற்றியதானால் ஒரு டாக்டரம்மா, குடும்பத்தைப் பற்றியதானால் ஒரு பெரியவர். புதன் மத்தியானம் வியாபாரம் நன்றாக நடந்ததால் அண்ணாச்சி சத்தத்தைக் கூட்டியே வைப்பார். பெண்கள் கால் வீசை மிளகாய் வாங்க வந்து ஒரு மணி நேரம் நிற்பார்கள். மூட்டை தூக்குகிறவர்களும் சாக்கின்மேல் உட்கார்ந்து கேட்பார்கள். பெரியவர் எந்தக் கேள்விக்கும் கடைசியில் பொறுமையைத்தான் மருந்தாகச் சொல்வார். புருஷன் குடிக்கிறானா, பொறுமை. நாத்தனார் நகையை வாங்கிக்கொண்டு தரவில்லையா, பொறுமை.

"ஏலே, இந்த ஆளுக்கு இத விட்டா வேற சரக்கே கெடையாதா?" என்பான் ஒருவன்.

"அவரு பொண்டாட்டிகிட்ட கேட்டாத்தான் தெரியும்" என்பான் மற்றவன்.

டாக்டரம்மா அப்படி இல்லை. தெரிந்ததைத் தெரியும் என்பார், தெரியாததைத் தெரியாது என்பார். எனக்கு அவர் குரலில் ஒரு நம்பிக்கை இருந்தது.

கேள்விகள் எல்லாம் "ஊர் பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு சகோதரி" என்றுதான் வாசிக்கப்பட்டன. யோசித்துப் பார்த்தேன். பெயரில்லாத ஒரு சகோதரியின் கைக்குப் பதில் வந்தால் அது எந்த ஊர்க் கையோ என்று கடைத்தெரு மிளகாயை வாங்கிக்கொண்டு போய்விடும். எனக்கு வேண்டியது என் கைக்குப் பதில். ஒரு கார்டு வாங்கி இப்படி எழுதினேன்: என் விரல்களில் வெண்மை இருக்கிறது. இது குஷ்டமா? ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுமா? நான் ஊற்றும் தண்ணீரைக் குடிக்கும் பிள்ளைக்கு வருமா? என் பெயர், வேலை, ஊர் மூன்றையும் சேர்த்தே வாசிக்கவும். மறைத்து வாசிப்பதானால் வாசிக்கவே வேண்டாம்.

கவரில் போடாமல் கார்டில் எழுதியது தெரிந்து செய்த காரியம். கார்டு என்றால் தபாலாபீஸில் முத்திரை குத்துகிறவர் முதல் வாசகர். நான் வீட்டுக்கு வந்து சேர்வதற்கு முன்பே செய்தி அம்மாவுக்கு வந்திருந்தது. அம்மா அன்றைக்கு அழுதாள்.

"பேரைப் போட்டா எழுதுவ? இனி எவன்ளா உன்னக் கேட்டு வருவான்?"

"கேட்டுட்டு வாரவன் வருவான்."

"வாய் மட்டும் வெள்ளையாகாம இருக்கு" என்றாள். பிறகு அவளே சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக மறுபடி அழுதாள்.

அடுத்த புதன்கிழமை கடையில் வழக்கத்தைவிடக் கூட்டம். என் கார்டு வரவில்லை. அதற்கடுத்த புதனும் வரவில்லை. "கார்டு கடல்ல போயிட்டோ என்னவோ" என்று ஒரு பெண் என் காதில் விழும்படி சொன்னாள். மூன்றாவது புதன்கிழமை பள்ளிக்கூடத்தில் அரை நாள் விடுமுறை கேட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். பெண்கள் வழிவிட்டார்கள். மரியாதையா, புடவை பட்டுவிடக்கூடாது என்பதா என்று தெரியவில்லை. நான் கல்லாப் பலகைக்கு முன்னால் போய் நின்றேன்.

வாசித்தார்கள். என் முழுப் பெயர், அப்பாவின் முதலெழுத்தோடு. தூத்துக்குடி என்ற ஊர். ஆரம்பப் பள்ளி ஆசிரியை என்ற வேலை. மூட்டைக்காரர்களில் ஒருவன் வாயில் வைத்த பீடியைப் பற்றவைக்காமல் வைத்துக்கொண்டிருந்தான்.

டாக்டரம்மா சொன்னதை என்னால் இன்றைக்கும் ஏறக்குறைய அப்படியே சொல்லமுடியும். இதற்கும் குஷ்டத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தோலில் நிறம் போய்விடுகிறது, அவ்வளவுதான். ஏன் போகிறது என்று வைத்தியத்துக்கே இன்னும் சரியாகத் தெரியாது. ஆனால் தொட்டாலோ, சேர்ந்து சாப்பிட்டாலோ, தண்ணீர் ஊற்றினாலோ யாருக்கும் வராது. பிள்ளைகள் தாராளமாகக் குடிக்கலாம்.

நான் அந்தப் பலகையின்மேல் வலது கையை வைத்தேன். வைக்கவேண்டும் என்று திட்டம் எதுவும் இல்லை.

அதோடு நின்றிருந்தால் எழுத ஒன்றும் இருந்திருக்காது. டாக்டரம்மா முடித்ததும் பெரியவரின் குரல் வந்தது. சகோதரியின் துணிச்சலைப் பாராட்டுகிறோம் என்று ஆரம்பித்தார். ஆனால் பெண்ணுக்குத் துணிச்சலைவிட நயமே அழகு. நோய் தொற்றாது என்றாலும் பார்க்கிறவர்கள் மனம் கூசும். பிறர் மனம் கூசாமல் நடந்துகொள்வது பண்பு. ஆகையால் சகோதரி பொது இடத்து வேலையை விட்டுவிட்டு, வீட்டோடு இருந்து தையல்போல ஒன்றைப் பழகிக்கொண்டு, பொறுமையுடன்...

"வந்துட்டு பாரு" என்றான் பீடிக்காரன்.

யாரும் சிரிக்கவில்லை. பிறகு ரேடியோவில் பூசணிக்காய் அல்வா செய்வது எப்படி என்று சொல்ல ஆரம்பித்தார்கள். மானேஜர் அண்ணாச்சி எழுந்து சத்தத்தைக் குறைத்தார்.

"கேட்டியளா டீச்சர்? ரேடியோவே சொல்லிட்டு. ஒட்டாதுங்கது உங்க பக்கம். வீட்டோட இருங்கங்கது எங்க பக்கம். பாதிக்குப் பாதி."

"அண்ணாச்சி, தொவரம்பருப்புல பாதி கல்லு கெடந்தா, பாதிக்குப் பாதின்னு நிறுத்துப் போடுவியளா?"

இப்போது மூட்டைக்காரர்கள் சிரித்தார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கெழம சபையில பேசிக்கிடுவோம்" என்றார்.

சபைக்கு இரண்டு நாளைக்கு முன், மத்தியானம் நான் சாப்பிட வந்திருந்த வேளையில், எங்கள் வீட்டுப் பின்வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கயிற்று மண்டிக்காரர் மனைவி. மகமை கொடுப்பவர்களில் அவள் புருஷன்தான் அதிகம் கொடுப்பவர். அவள் மகள் என் வகுப்பு. முதலில் தாகமில்லை என்று சொன்னது அந்தப் பிள்ளைதான். பேச்சு எந்த வீட்டுக் கதவிலிருந்து கிளம்பியது என்று எனக்கு முன்பே ஒரு ஊகம் இருந்தது.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"டீச்சர், ரேடியோல சொன்னது நெசமா? ஒருத்தர்ட்ட இருந்து ஒருத்தருக்கு வராதா?"

"வராது."

"அப்பொ எம்மவளுக்கு எப்படி வந்துச்சு?"

முழங்காலுக்குப் பின்னால் கால் ரூபாய் அளவு ஒரு வெள்ளை என்றாள். ஆனிக் கடைசியில் பார்த்தாளாம். நான் ஊற்றிய தண்ணீரிலிருந்துதான் வந்தது என்று நினைத்திருக்கிறாள். நினைத்ததை வெளியே சொல்லாமல், டீச்சர் கையைப் பற்றி மட்டும் வெளியே சொல்லியிருக்கிறாள்.

"எனக்கு வந்த மாதிரித்தான் வந்திருக்கும். ஏன்னு யாருக்கும் தெரியல" என்றேன்.

அவள் அழவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. "நீங்க ஒதுங்கிட்டியன்னா பேச்சு அடங்கிரும் டீச்சர்" என்றாள். "ஊரு மறந்துரும். அவளும் பாவாடைக்குள்ள மறைச்சிக்கிடுவா. நீங்க இப்படிக் கைய நீட்டிக்கிட்டுத் திரிஞ்சா, ஊரு ஒவ்வொரு பிள்ளையாத் தூக்கிப் பாக்கும்."

"நான் ஒதுங்கிட்டா, நாளைக்கு அவளுக்குக் கையில வந்தா அவள எங்க ஒதுக்குவிய?"

போகும்போது, "அவ அப்பாவுக்குத் தெரியாது" என்றாள். கதவைத் தாண்டியதும் திரும்பி, "சொல்லிருவியளா?" என்றாள்.

"என் பேரத்தான் வாசிக்கச் சொன்னேன். உங்க மக பேர இல்ல" என்றேன்.

அவள் போன பிறகு அம்மா சொன்னாள்: "நல்லதாப் போச்சு. ஞாயித்துக்கெழம அவ புருஷன் வாயத் தொறந்தா இத எடுத்து விடு." அது ஒன்றே போதும், நான் ஜெயித்துவிடுவேன் என்று எனக்கும் தெரியும். ஒன்பது வயதுப் பிள்ளையின் பாவாடையைச் சபை நடுவே தூக்கித்தான் என் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமானால், அந்த வேலையை எடுத்துக்கொண்டு நான் எந்தப் பிள்ளைக்கு முன்னால் போய் நிற்பது? அம்மாவிடம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. "மாட்டேன்" என்று மட்டும் சொன்னேன்.

வேறு ஒரு வழி என் தலையில் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா அந்தச் சபையில் உட்கார்ந்தவர். வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கு என்ன வழக்கு, யார் என்ன சொன்னார் என்று ஒன்று விடாமல் சொல்லுவார். அதனால் சபையின் முறை எனக்குத் தெரியும். எடைக்கல் தகராறானாலும் வேலித் தகராறானாலும், குறை சொல்கிறவர் எழுந்து நின்று, தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, தன் வாயால் சொல்ல வேண்டும். "ஊரில் சொல்லிக்கொள்கிறார்கள்" என்றால் சபை எடுக்காது. தலைவர் மூன்று தடவை கேட்பார். மூன்று தடவையும் யாரும் எழுந்திருக்காவிட்டால் பிராது விழுந்துவிடும், அந்த வருஷத்துக்குள் திரும்ப எடுக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை கோவில் மண்டபத்துக்குப் போனேன். பெண்கள் வரக்கூடாது என்று விதி இல்லை. வந்ததில்லை, அவ்வளவுதான். முழுக்கை ஜாக்கெட்டை வீட்டில் கழற்றிப் போட்டுவிட்டு, முழங்கைக்கு மேலே நிற்கிற பழைய ஜாக்கெட்டைப் போட்டிருந்தேன். முன்தூண் அருகே நின்றேன். நாற்பது ஐம்பது ஆண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருடைய கண்ணும் என் முகத்தைத் தவிர்த்து நேராகக் கைக்குப் போனது. பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மானேஜர் அண்ணாச்சி விஷயத்தைச் சொன்னார். நியாயமாகவே சொன்னார். டாக்டரம்மா சொன்னதையும் விடவில்லை, பெரியவர் சொன்னதையும் விடவில்லை. டீச்சர் நல்ல டீச்சர், பிள்ளைகள் படிப்பில் குறை இல்லை, ஆனால் பேச்சு வந்துவிட்டது என்று முடித்தார்.

தலைவர் வயதானவர், கருப்பட்டி வியாபாரி. "நீ என்னம்மா சொல்லுத?" என்றார்.

"டாக்டரம்மா என் கையப் பத்திச் சொன்னாவ. அது அவங்க படிச்ச படிப்பு. அந்தப் பெரியவர் என்னப் பத்தி ஒண்ணும் சொல்லல ஐயா. உங்களப் பத்தித்தான் சொல்லியிருக்காரு. நீங்க என்னப் பாத்து மனசு கூசுவியளாம். எங்கேயோ ஒக்காந்துக்கிட்டு அவரு சொல்லுதாரு. மூணு வருசமா உங்க பிள்ளையளுக்கு எழுத்துச் சொல்லிக் குடுக்கேன். மனசு கூசுதுன்னு யாருக்காவது இருந்தா, சபை மொறப்படி எந்திரிச்சு நின்னு, துண்டக் கையில எடுத்துச் சொல்லட்டும். நான் கேட்டுக்கிடுதேன்."

மண்டபத்தில் ஒரு அசைவு. இப்படி ஒருத்தி முறையைப் பேசுவாள் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. தலைவர் தாடையைத் தடவினார். முறை முறைதான், அவரால் மறுக்க முடியாது.

"சரி. பிராது சொல்லுதவங்க ஆரும் உண்டுமா?"

யாரும் எழுந்திருக்கவில்லை.

"உண்டுமா?"

கயிற்று மண்டிக்காரர் கையூன்றி எழுந்தார். துண்டு தோளில்தான் இருந்தது. சபை அவரையே பார்த்தது, நானும் பார்த்தேன். என் நாக்கில் அந்தப் பிள்ளையின் பெயர் வந்து நின்றதை மறைக்கமாட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் மண்டபத்து ஓரம் வரை போய், வெற்றிலைச் சாற்றை வெளியே துப்பிவிட்டு, திரும்பி வந்து, தன் இடத்தில் உட்கார்ந்தார். அவருக்கு அவர் மனைவி சொல்லிவிட்டாளா, வெறும் வெற்றிலைதானா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

மூன்றாவது தடவை கேட்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு இளவட்டம் உட்கார்ந்தபடியே பேசியது. "அதான் ரேடியோ சொல்லிட்டே. அதையே பிராதா எடுத்துக்கிடலாம்லா?"

தலைவர் திரும்பிப் பார்த்தார். "ரேடியோ எந்திரிச்சு நிக்குமாலே?"

மண்டபம் சிரித்தது. "துண்ட எங்கன போடும்?" என்று யாரோ கேட்டார், இன்னும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோது தலைவர் மூன்றாவது தடவையும் கேட்டார். கேட்டுவிட்டு, பிராது இல்லை என்று சொல்லி, அடுத்ததாகத் தெப்பக்குளத்துப் படிக்கட்டு விஷயத்துக்குப் போய்விட்டார்.

வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தபோது மானேஜர் அண்ணாச்சி பின்னாலேயே வந்தார். "சரி டீச்சர், இருங்க. ஆனா இன்ஸ்பெக்டர் வாற அன்னைக்கு மட்டும் அந்த நீளக் கை ஜாக்கெட்டப் போட்டுக்கிடுங்களேன். எனக்காக."

"இன்ஸ்பெக்டர் பிராது சொன்னா போட்டுக்கிடுதேன்."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு என்னிடம் ஜாக்கெட்டைப் பற்றிப் பேசவில்லை.

திங்கட்கிழமை ஆயாவிடமிருந்து செம்பை வாங்கிக்கொண்டேன். எல்லாப் பிள்ளைகளும் கையைக் குவித்தார்கள் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. பாதிப் பேர் குவித்தார்கள். சிலர் வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுவந்தார்கள். இரண்டு பிள்ளைகளை வேறு பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். மற்றவர்கள் தை மாதம் வாக்கில், பாட்டில் தூக்குகிற சலிப்பிலேயே, வரிசைக்கு வந்துவிட்டார்கள். கயிற்று மண்டிக்காரர் மகள் அந்தத் திங்கட்கிழமையே வந்து நின்று, மற்றவர்களைவிட அதிக நேரம் குடித்தது. அதன் அம்மா அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. (அவர் கயிற்று வியாபாரி அல்ல. சரக்கை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.)

அந்த வேலையில் நான் வயது முடிந்து ஓய்வு பெறும் வரை இருந்தேன். வெள்ளை முழங்கை வரை ஏறியது, பிறகு கழுத்துக்கு வந்தது. கேட்டுவிட்டு வருகிறவர் ஒருவர் வந்தார், சில வருஷங்கள் கழித்து. அம்மா அதுவரை உயிரோடு இருந்து, "எவன் வருவான்" என்று தான் ஒருநாளும் சொன்னதே இல்லை என்று சாதித்தாள்.

சபை முடிந்த மறுநாளே வானொலி நிலையத்துக்கு இன்னொரு கார்டு எழுதினேன். டாக்டரம்மாவுக்கு நன்றி சொன்னேன். பெரியவருக்கு இப்படி எழுதினேன்: தாங்கள் சொன்ன யோசனையை நான் ஏற்கவில்லை. வேலையில் இருக்கிறேன். எங்கள் ஊரார் மனம் கூசும் என்று அவர்களைக் கேட்காமலே சொன்னீர்கள். கேட்டபோது அவர்களில் ஒருவரும் எழுந்து நிற்கவில்லை. முதல் கார்டை வாசித்ததுபோல இதையும் பெயரோடு வாசிக்கவும்.

ஒவ்வொரு புதன்கிழமையும் கேட்டேன். புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை. வாசிக்கவில்லை. கேட்கிறவர்களுக்குச் சகோதரி வீட்டோடு இருந்து தையல் பழகுகிறாள் என்றுதான் முடிந்திருக்கும். எங்கோ ஒரு பின்கட்டில், ஆத்தூரிலோ பெரியதாழையிலோ, அதைக் கேட்ட பெண்கள் இருந்திருப்பார்கள். அவர்களில் ஒருத்தியாவது அந்த முடிவை நம்பி ஊசியில் நூல் கோத்திருப்பாள் என்பதை என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

நான் தைக்கவில்லை. எனக்குத் தைக்கத் தெரியாது.